தேவதாசனும் திருவிருந்துப் பாத்திரமும்

சேரன்மகாதேவி
1914 ஏப்ரல் 2, வியாழன்

கொழும்பில் பள்ளிக்கூட வேலையிலிருக்கும் மகள் சாலோமிக்கு ஐயா எழுதுவது. நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் சுகம், நீயும் அங்கே சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். உன் அண்ணன் தேவதாசன் சாராயத்தைத் தொடாமல் நேற்றோடு தொண்ணூற்றேழு நாள். இது ஊர்ப்பேச்சு அல்ல, வயலில் பகல் முழுவதும் அவனோடு நிற்கும் முத்துமாலை சொன்னது. கடைப் பக்கம் கால் இழுக்கும் சாயங்கால வேளையில் நான் அவனை ஆற்றுக்குக் கூட்டிப்போகிறேன். படித்துறையில் நின்றால், உன்னைத் தோளில் ஏற்றி, உன் சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்து, இடுப்பளவு தண்ணீரில் அக்கரைக்கு நடந்த பையன்தான் என் கண்ணில் நிற்கிறான். கோயிலில் அவன் பாட்டை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள், நினைவிருக்கிறதா.

போன மாதம் நான் ஒரு பிழை செய்தேன். திருவிருந்து தொடங்கியதும் அவன் எழுந்து வெளியே போனான். கடைக்குத்தான் போகிறான் என்று நினைத்து, பின்னாலேயே போய்க் கையைப் பிடித்து, "ஏலே, சபை பாக்குது, வந்து முழங்கால் போடு" என்று இழுத்துவந்தேன். போட்டான். திராட்சரசப் பாத்திரம் அருகில் வந்ததும் வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "குடிச்சிட்டு வந்திருக்கான், அதான் தொடப் பயப்படுதான்" என்று பின்வரிசையில் இன்பமணி சொன்னது எனக்கே கேட்டது. அன்று ஆற்றங்கரையில் அவன் சொன்னான்: "ஐயா, எனக்குக் கர்த்தர்கிட்ட பயமில்ல, அந்த வாசனைகிட்டதான் பயம். ஒரு சொட்டு நாக்குல பட்டா கால் வீட்டுக்கு வராது." முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு இது தோன்றவில்லை. உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் காய்ச்சிய, போதையில்லாத சாற்றை அவனுக்குத் தரலாமா, அல்லது அப்பம் மட்டும் போதுமா என்று பாளையங்கோட்டையிலிருக்கும் குருவானவருக்கு எழுதினேன். கடிதம் அவர் கைக்குச் சேர்ந்துவிட்டதாக உபதேசியார் திங்கட்கிழமை சொன்னார். அம்மா பதிலுக்குக் காத்திராமல் திராட்சையைக் காம்பு ஆய்ந்து வைத்துவிட்டாள்.

அண்ணனுக்கு எழுதும்போது குடியைப் பற்றிக் கேட்காதே, புத்தியும் சொல்லாதே, நாங்கள் சொன்னதே அதிகம். ஈஸ்டர் பாட்டில் இரண்டாம் அடி மறந்துபோயிற்று, எழுதி அனுப்பு என்று மட்டும் கேள். மழையில் நனையாதே. கர்த்தர் உன்னைத் தம் கண்பார்வையிலேயே வைத்திருப்பாராக.

குருவானவரின் பதில் வருகிற குருத்தோலை ஞாயிறன்று வருமாம். ஈஸ்டர் பன்னிரண்டாம் தேதி. இரண்டும் கூடாது என்று பதில் வந்தால், அன்று நானும் அவன் பக்கத்தில் முழங்கால் போட்டு, பாத்திரம் வரும்போது வாயை மூடிக்கொள்வேன். இருவரில் யார் குடித்துவிட்டு வந்தவன் என்று இன்பமணி யோசிக்கட்டும்.

உன் ஐயா,
நேசையா