சைவ வீட்டுப் பாம்புக்கு மீன்

ஊரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த கணவன் ராம்குமார் மத்தியானம் வீடு சேர்ந்துவிடுவான். தி.நகர் ஜவுளிக்கடையைத் திறக்கக் கிளம்பிய ஷண்முகப்ரியா, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எரிச்சலோடு எழுதினாள்.

"என்னங்க, சிநேகிதர்கிட்டேர்ந்து நீங்க வாங்கின விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு, அந்த கார்ட்டர் பாம்புக்குப் பாலும் முட்டையும் போதும்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டீங்க. ரெண்டையும் அது திரும்பிக்கூடப் பார்க்கலை. துவண்டு கிடந்தது. கால்நடை டாக்டருக்கு போன் பண்ணினேன். மண்புழு வேணுமாம், இல்லேன்னா ஜிலேபி மீனைப் பொடிசா நறுக்கி வைக்கணுமாம். நெத்திலி கூடாதாம். வாங்கறதுக்கு முன்னாடி இதை விசாரிச்சிருக்கக் கூடாதா? மீனே நுழையாத வீட்டிலேர்ந்து சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரம்மா, 'கொயம்பு வைக்கவா, வறுக்கவாம்மா?'ன்னு கேட்டாங்க. பாம்புக்குன்னு எப்படிச் சொல்றது? குழம்புக்குன்னேன். மீதி மீன் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கு. ஐஸ்கிரீம்னு நினைச்சுத் திறந்துடாதீங்க. உங்களுக்கு ரசமும் அப்பளமும் மேஜையில்."

பையை எடுத்தவள் கண்ணாடிப் பெட்டியருகே நின்றாள். காலையில் மீன் துண்டுகளை விழுங்கிய பாம்பு, தலையைத் தூக்கி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, தாளின் அடியில் இருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

"பாம்பைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போக அதை வித்த உங்க சிநேகிதர் சாயங்காலம் வருவார். கோபத்தில் நான்தான் வரச் சொன்னேன். காபி கொடுத்து அனுப்பிடுங்க. பாம்பைக் கொடுக்காதீங்க. இப்பதான் சாப்பிட ஆரம்பிச்சிருக்கு."