ஓடைப் பாலத்துக்கு நானே பேசணும்

செப். 9
காலைல தூறல். சாமந்தித் தோட்டம் பூரா சேறு. இருந்தாலும் 5.30க்கு மோட்டார் ரூம்ல உக்காந்து பேப்பரைச் சத்தமா வாசிச்சாச்சு. 20 நிமிஷம். இன்னையோட 41 நாள். ஒரு நாளும் விடல.

என் திக்குவாய்க்குப் பெரியாஸ்பத்திரி மேடம் சொன்னது:
- தினம் சத்தமா வாசிப்பு
- தினம் ஒரு போன், நானே
- மெதுவா மூச்சு விட்டு ஆரம்பிக்கணும்
- வராத வார்த்தைக்குப் பதிலா வேற வார்த்தை தேடக் கூடாது

கடைசிதான் பெரும்பாடு. டீக்கடைல "பால்" வரலன்னா வரக்காப்பி குடிச்சிட்டு வந்த ஆளு நான்.

அக். 2 கிராம சபை. ஓடைப் பாலம் உடைஞ்சதுல இருந்து பஸ் ஊருக்குள்ள வர்றதில்ல. எங்க பொண்ணு காவ்யா ப்ளஸ் ஒன். மெயின் ரோடு வரைக்கும் மூணு கிலோமீட்டர் நடை. போன தடவை மச்சான் முருகன்கிட்ட எழுதிக் குடுத்தேன். அவரு தெருவிளக்கைப் பத்திப் பேசிட்டு உக்காந்துட்டாரு. இந்தத் தடவை நான்.

செப். 14
வெயில். கடத்தூர் மருந்துக்கடைக்கு போன். நான் வாயெடுக்கறதுக்குள்ள "லைன் சரியில்லீங்க"ன்னு வெச்சுட்டாரு. மறுபடி அடிச்சேன். அதே கதை. மூணாவது தடவை முழுசாப் பேசிட்டேன். பேன் மருந்து வந்திருக்காம். பூவுக்கு வர்ற பேனுக்குத்தான்.

செப். 19
செல்விகிட்ட சொல்லிட்டேன். எனக்கு ஒரு வார்த்தை மாட்டினா அவ எடுத்துக் குடுத்துருவா. கல்யாணமானதுல இருந்து அப்படித்தான். பாசம்தான். ஆனா எந்தப் பேச்சையும் நான் முடிச்சதே இல்ல.

"இனிமே எடுத்துக் குடுக்காத. எவ்ளோ நேரமானாலும் இரு."
"நீங்க தவிக்கறதப் பாத்துட்டு எப்டிங்க சும்மா இருக்கறது?"
"தவிக்கல. வ... வந்துட்டிருக்கேன்."

சிரிச்சிட்டா. அப்புறம் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினா.

செப். 25
பூ லோடு. நாலு மணிக்கே கிளம்பியாச்சு. வூடு வந்து படுத்தவன் எந்திரிக்கல. வாசிப்பு இல்ல. முதல் தடவையா விட்டாச்சு. கோவம் கோவமா வருது.

செப். 26
ரெட்டிப்பா நாப்பது நிமிஷம் வாசிக்கலாம்னு போனேன். வேண்டாம்னு விட்டுட்டேன். தண்டனை மாதிரி ஆயிட்டா ஒரு வாரத்துல நின்னுரும். எப்பவும் போல 20தான். வாசிச்சு முடிச்சதும் மனசு சரியாயிருச்சு.

செப். 30
ராத்திரி மழை, இப்ப இல்ல. காவ்யா முன்னாடி பேசிப் பாத்தேன். போன்ல நேரம் பாத்தா.
"ஆறு நிமிஷம்ப்பா. எழுதினத கொஞ்சம் குறைக்கட்டா?"
"வேண்டாம் சாமி. எல்லாம் சொல்ல வேண்டியதுதான்."
வெள்ளைச் சட்டை தேய்க்கக் குடுக்கணும்.

அக். 2
பள்ளிக்கூட மரத்தடி. நல்ல கூட்டம். "வேற யாராச்சும் பேசணுமா?"ன்னு கேட்டாங்க. எந்திரிச்சேன்.

"நம்ம ஊரு ப... ப..."

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. முருகன் எந்திரிச்சிட்டாரு. "பாலத்தைச் சொல்றாருங்க. நான் பேசறேன்..."

"உக்காருங்க மச்சான். நானே சொல்றேன்."

எங்கயும் மாட்டாம வந்துச்சு! எனக்கே ஆச்சரியம். செல்வியைப் பாத்தேன். முந்தானையை வாயில அழுத்திப் புடிச்சிட்டிருந்தா.

ப-வுலயே நின்னேன். மூச்சு விட்டேன். "பாலம்" வந்துச்சு. அப்புறம் பஸ், பொண்ணுங்க நடக்கறது, பிரசவ வலில இருந்த புள்ளைய டிராக்டர்ல ஏத்தி ஓடையைத் தாண்டினது. பத்துப் பன்னெண்டு எடத்துல மாட்டினேன். ஒண்ணையும் மாத்தல. ஆறு நிமிஷம் எட்டாச்சு. சிரிப்புச் சத்தம் எப்ப நின்னுச்சுன்னு தெரியல.

"தீர்மானமா எழுதிரலாங்க"ன்னாரு ஊராட்சி செயலர். "கொண்டு வந்தவர் பேரு?"

என் பேருதான் எனக்கு எல்லாத்தையும் விட கஷ்டம். பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸுக்குக் கூட பக்கத்துல இருக்கறவன்தான் சொல்லுவான். இன்னிக்கு சுத்தி அத்தனை பேருக்கும் என் பேரு தெரியும். ஒருத்தரும் சொல்லல. செயலர் பேனாவப் புடிச்சபடி காத்திட்டிருந்தாரு.

"பெ..."

மூச்சு.

"பெருமாள்."

எழுதிக்கிட்டாரு. கீழ கையெழுத்துப் போட்டேன்.