எண்ணெய் ஊற்றச் சொன்னது யார்?

8.1.1979, திங்கள்

அருள்தாஸுக்குச் சென்னையிலிருந்து ஆராய்ச்சி அனுமதி வந்துவிட்டது. குழந்தைகளின் மூச்சுத்திணறலும் அதன் பின்விளைவுகளும். அவர் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதே உத்திரமேரூரில் இதே மூச்சுத்திணறலை எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். பார்த்தால் போதாதாம், எழுதவும் வேண்டுமாம்.

பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் முதுகும் பக்கத்திலேயே சும்மாதான் இருந்தது.

11.1.1979

அருள்தாஸ் திருப்புலிவனத்துக்காரர். அவருடைய அப்பா எங்கள் பெரியப்பாவின் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதாவது, மூன்று பேருக்கு மேல் சொன்னதில்லை.

19.1.1979

அவர் கட்சி இது: இந்த ஊர்ப்பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் விளக்கெண்ணெய் விட்டு வாயால் ஊதுகிறார்கள். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கித் தங்கிவிடுகிறது. எந்த மருந்துக்கும் அடங்காத இருமலும் திணறலும் அதனால்தான்.

ஃபாரம் அச்சடித்திருக்கிறார். கடைசிக் கேள்வி, 'எண்ணெய் ஊற்றச் சொன்னது யார்?'

"இது ஆராய்ச்சியா, போலீஸ் விசாரணையா?" என்றேன்.

"யார் பேச்சைக் கேட்டு ஊத்தறாங்கன்னு தெரிஞ்சாத்தானே சார், யார்கிட்ட போய் நிறுத்தச் சொல்றதுன்னு தெரியும்?"

நியாயமான பதில். அதனாலேயே எரிச்சலாக இருந்தது.

என் கட்சி சாம்பிராணிப் புகை. குளிப்பாட்டியதும் பிள்ளையைப் புகையில் காட்டுகிறார்களே, அது. வெகுநாளாக யோசித்து வைத்திருக்கிறேன். எழுதவில்லை. எழுதாத ஆராய்ச்சியை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

2.2.1979

இன்று வார்டில் செங்கேணி என்றொருத்தி, மடியில் பிள்ளை. அருள்தாஸ் அவளுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மூக்குல எண்ணெ வுட்டியாம்மா?"

"வுடாம? மூக்கு அடச்சிக்கினு கீது, மூச்சுக்கு வயி வுட வேணாமா?"

"வுட்ட எண்ணெ எங்க போச்சு?"

"வயித்துக்குத்தான்."

"வயித்துக்குப் போறது பாதி. மீதி மார்ல பூந்துக்கினு கீது. அதான் மூச்சு இப்டி இயுக்குது."

அவள் பிள்ளையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மாமியார், நாத்தனார், ஓடிப்போன புருஷன் எல்லாக் கதையும் வந்தது. என்னிடம் இந்த எட்டு வருடத்தில் ஜனங்கள் சொன்ன நீளமான வாக்கியம், "மாத்திர குடு சாமி."

நான் நாற்காலியில் உட்காருகிறவன். தரையில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்கும்.

14.2.1979

எங்கள் பாப்பாவுக்குத் தடுப்பூசி போட என் மனைவி தேவகி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். தாய்மார்களுக்கு அருள்தாஸ் பேசியதைக் கேட்டிருக்கிறாள். சாப்பிடும்போது அதே பேச்சு.

"எவ்வளவு அழகா சொல்றாருங்க! நாளையிலேருந்து நம்ம பாப்பாவுக்கு மூக்கில எண்ணெய் வேணாம். முனியம்மாகிட்ட சொல்லிடறேன்."

ரசத்தில் திடீரென்று உப்புக் கூடிவிட்டது.

"எனக்கும் ஊத்தித்தான் வளர்த்தாங்க. நான் டாக்டராகலையா? ஊத்தட்டும்."

இப்படியொரு வாதத்தைப் பரீட்சையில் எழுதியிருந்தால் நான் டாக்டராகியிருக்க மாட்டேன். தேவகி வாயை மூடிக்கொண்டாள். ஜெயித்தேன்.

15.2.1979

பாப்பாவைக் குளிப்பாட்டும் முனியம்மாளிடம் நானே அருள்தாஸ் சொல்வதைச் சொல்லி, வழக்கம்போல மூக்கில் எண்ணெய் ஊற்றச் சொன்னேன்.

"அந்தத் தம்பிக்கு இன்னா தெரியும் டாக்டரய்யா? இன்னும் கண்ணாலமே ஆவல. எண்ணெ வுட்டு ஊதுனாத்தான் பாப்பாவுக்கு மூக்கு எடுப்பா வரும்."

விஞ்ஞானத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆதரவு.

6.3.1979

பாப்பாவுக்கு இருமல். பனியாக இருக்கும்.

13.3.1979

மருந்தை மாற்றினேன். அடங்கவில்லை. தேவகி என்னைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் தேவலை.

17.3.1979

மூச்சு வாங்குது. விலா உள்ள போய் உள்ள போய் வருது. உதட்டுல நீலம். எத்தனை பிள்ளைங்களுக்குப் பார்த்திருக்கேன். இன்னைக்கு ஸ்டெதாஸ்கோப்பை வைக்க முடியல — என்ன கேட்குதுன்னே புரியல —

தேவகி சொன்னாள்: "அவரைக் கூப்பிடுங்க. இல்லன்னா நான் போறேன்."

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நானே ஓடினேன். செருப்பு போட்டேனா என்று நினைவில்லை.

அருள்தாஸ் பாப்பாவை வாங்கிக்கொண்டார், ஆக்ஸிஜன் வைத்தார். தொண்டையிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துச் எண்ணெயைச் சிவப்பாகக் காட்டும் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

"பாருங்க சார்."

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சிவப்புச் சொட்டுகள். எண்ணெய். என் சாம்பிராணியைக் காணோம்.

20.3.1979

இன்னும் திணறுகிறாள். சிலிண்டர் பக்கத்தில் அருள்தாஸ் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பாப்பா அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என் விரலையும் நீட்டினேன். பிடிக்கவில்லை.

அவள் பிழைக்கவேண்டுமே என்று ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். அந்த எண்ணிக்கைக்கு நடுவிலும் அந்த விரல்மீது பொறாமை. நான் என்ன ஜென்மம்?

29.3.1979

மூச்சு சீராகிவிட்டது. பால் குடித்தாள். தேவகி அழுதாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

3.4.1979

வீட்டுக்கு வந்துவிட்டோம். முனியம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். குளிப்பாட்டலாம், மூக்குப் பக்கம் எண்ணெய் போகக்கூடாது என்றேன்.

"அய்ய, நீங்களும் அந்தத் தம்பி கட்சியில சேந்துட்டீங்களா?"

"சேர்ந்துட்டேன்."

"மூக்கு சப்பையாப் பூடும். அப்பால என்ன கேக்காதீங்க."

9.4.1979

அருள்தாஸ் பாப்பாவின் ஃபாரத்தைக் கொண்டுவந்தார். எல்லாம் நிரப்பியிருந்தது. தகப்பன் தொழில்: அரசு ஊழியர். பொய்யில்லை. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிலில்லை.

"இது இருக்கட்டும் சார், விட்டுடலாம். அப்புறம், கட்டுரையில உங்க பேரையும் சேர்த்துப் போடலாம்னு இருக்கேன். இந்த ஊர்ல எட்டு வருஷமா பார்த்திருக்கீங்க."

ஜனவரியில் இந்த வார்த்தைக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

அவர் பேனாவைக் கேட்டு வாங்கினேன். மற்ற ஃபாரங்களில் மாமியார், அத்தை, குளிப்பாட்டுகிறவள் என்றிருக்கும். இதில் 'தகப்பன்' என்று எழுதினேன். 'அரசு ஊழியர்' என்பதை அடித்துவிட்டு 'டாக்டர்' என்று போட்டேன். பக்கத்தில் அவர் கையெழுத்து. என்னுடையதைவிட அழகு, இப்போதும்.

"என் பேர் இங்கேயே வந்துடுச்சு. கட்டுரையில வேண்டாம்" என்றேன்.

அவர் படித்தார். ஃபாரத்தை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினார். அதற்குள் வார்டு வாசலில் ஒருத்தி இருமுகிற பிள்ளையோடு வந்து நின்றாள். அருள்தாஸ் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

முழங்கால் நன்றாகவே வலிக்கிறது.