ஒண்ணுமில்லண்ணா

மார்ச் 3, செவ்வாய்

சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. சர்வர் அறை என்று பெயர். முன்பு துடைப்பம் வைத்திருந்த அறைதான். எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அது போதும். உள்ளே ஒரே ஒரு பெரிய கணினி. அதற்குள் மென்பொருளால் உண்டாக்கிய மூன்று கணினிகள், ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி. வி.எம். என்போம். ரிசல்ட்டுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று, பழைய ரிப்போர்ட்டுகளுக்கு ஒன்று. இப்போது பெரிய கணினியில் இடம் தீரப்போகிறது; திரையில் அந்தச் சிவப்புக் கோடு காட்டுவது அதைத்தான்.

நேற்று பழைய ரிப்போர்ட் வி.எம்.முக்குள் போய், இனி தேவையில்லை என்று மேலாளர் சொன்னதையெல்லாம் அழித்தேன். உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் காலி. வெளியே வந்து பார்த்தால், பெரிய கணினியில் அந்த வி.எம். மொத்தமும் அடங்கியிருக்கும் டிஸ்க் ஃபைல் அதே குண்டு. இம்மியும் இளைக்கவில்லை.

"நிஜமா அழிச்சியா?" என்றார் என் சீனியர். எந்தக் கோளாறுக்கும் அவர் தரும் முதல் மருந்து ரீஸ்டார்ட். அதனால் பெயரே ரீஸ்டார்ட் அண்ணன்.

"அழிச்சேண்ணா."

"அப்ப எடம் எங்க போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். காலிதான்.

மார்ச் 4, புதன்

புரிந்துவிட்டது. அழிப்பது என்றால் துடைப்பது இல்லை. 'இந்த இடத்தை இனி எடுத்துக்கொள்ளலாம்' என்று வி.எம். தனக்குள் குறித்துக்கொள்வது மட்டும்தான். வெளியே இருக்கும் பெரிய கணினிக்கு அதை யார் சொல்வது? அதன் கணக்கில் எல்லாம் இன்னும் நிறைந்த இடம். காலி இடம் முழுக்கப் பூஜ்ஜியம் எழுத வேண்டும். "இங்கே ஒன்றுமில்லை, இங்கேயும் ஒன்றுமில்லை" என்று மூலைமுடுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போவது போல. பிறகு வெளியிலிருந்து சுருக்கினால் அந்தப் பூஜ்ஜியங்களை உதறிவிடும்.

வீட்டில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். "என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"எதக் கேட்டாலும் ஒண்ணுமில்ல. இந்த ஒரு வார்த்தைக்கா உன்னக் காலேஜ் வரைக்கும் படிக்க வச்சோம்?"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பேசுவதற்கு மட்டும் அங்கே பாடம் இல்லை.

மார்ச் 5, வியாழன்

பூஜ்ஜிய விஷயத்தை அண்ணனுக்கு மெசேஜில் அனுப்பினேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு மெசேஜ்! படித்ததும் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார். நேரே மேலாளரிடம் போய், "மதியத்துக்குள்ள முடிஞ்சிரும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குள் எனக்கு ஒன்று உறைத்தது. பூஜ்ஜியமும் எழுத்துதான். இதுவரை தொடாத இடத்திலும் போய் எழுதும். எழுத எழுத டிஸ்க் ஃபைல் வீங்கும். பிறகுதான் சுருக்க முடியும். வீங்க வெளியே இடம் இல்லை.

அண்ணன் பூஜ்ஜியம் எழுதும் கட்டளையை அடித்துவிட்டு, எண்டர் தட்டுமுன் என் முகத்தைப் பார்த்தார். "என்ன?"

"ஒண்ணுமில்லண்ணா."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவருக்குத் தெரிந்திருக்கும் என்றா? மேலாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாரே என்றா? இல்லை — வாய் பழகிப்போச்சு, அவ்வளவுதான்.

மதியத்துக்குள் முடிந்தது. வெளியே இருந்த இடமும் தீர்ந்து, மூன்று வி.எம்.மும் நின்றுவிட்டன. கவுண்டர் அக்கா பில்லைக் கையால் எழுத ஆரம்பித்தாள். மனைவிக்கு நாளை ஆபரேஷன் என்று ஒருவர், ரிசல்ட்டுக்காகக் கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டே நின்றார். அந்த டக் டக் இன்னும் காதில் இருக்கிறது. பெரிய கணினியில் கிடந்த வேண்டாத ஃபைல்களைத் தூக்கிப்போட்டு, கொஞ்சம் இடம் பண்ணி, மூன்றையும் எழுப்பினோம். எதுவும் தொலையவில்லை. அவருக்கும் ரிசல்ட் கிடைத்தது. ஆனால் டிஸ்க் ஃபைல் முன்னைவிடக் குண்டு.

"யாரு பார்த்த வேலை இது?" என்றார் மேலாளர்.

"நாந்தான் சார்" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"திங்கக்கிழமை காலையில சரியா இல்லன்னா, வெளி கம்பெனிகிட்ட மொத்தமா குடுத்துடுவேன். ரெண்டு பேரும் வேற எடம் பாத்துக்கோங்க."

படிக்கட்டில் அண்ணன் கேட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஒண்—" நிறுத்தினேன். "தெரியும்ணா."

"அடிப்பாவி! வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"சார்கிட்ட சொல்லிட்டு வந்துட்டீங்களே..."

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ குறுக்க விழுந்து கத்த வேணாமா?"

மார்ச் 6, வெள்ளி

மேலாளர் அறைக்கு நானே போனேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு வெளி டிஸ்க் வேண்டும், ஞாயிறு முழுக்க அந்த வி.எம்.மை நிறுத்த வேண்டும், வீங்க இடம் கொடுத்தால்தான் சுருக்க முடியும் என்றேன்.

"சத்தமா பேசும்மா. ஏசி சத்தந்தான் கேக்குது."

மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை சுலபமாக இருந்தது. தன் வீட்டு டிஸ்க்கையே தருகிறாராம். "உள்ள என் பொண்ணு கல்யாண போட்டோ இருக்கு. அதுமேல பூஜ்ஜியம் எழுதிடாதீங்க."

மார்ச் 8, ஞாயிறு

டிஸ்க் ஃபைலை வெளி டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, பிரதியில் பூஜ்ஜியம் எழுதினோம். தாராளமாக வீங்கியது. சாயங்காலம் சுருக்க ஆரம்பித்தோம். பாதி வழியில் திரையில் சதவீத எண் நகரவே இல்லை.

"தொங்கிடுச்சு" என்றார் அண்ணன். கை பட்டனுக்குப் போனது. "ஒரே ஒரு ரீஸ்டார்ட்—"

"வேண்டாம்!"

வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். என் குரலா அது? நடுவில் நிறுத்தினால் பிரதி பாழ். முதலிலிருந்து தொடங்கினால் காலைக்குள் முடியாது. "டிஸ்க் லைட்டப் பாருங்கண்ணா, மினுக்குது. உள்ள வேலை நடக்குது."

கையை எடுத்துக் கட்டிக்கொண்டார். வெகுநேரம் இரண்டு பேரும் அந்த விளக்கையே பார்த்தோம். எண் நகர்ந்தது.

மார்ச் 9, திங்கள்

இளைத்த பிரதியைப் பழையதின் இடத்தில் வைத்தாயிற்று. திரையில் பச்சைக் கோடு. கல்யாண போட்டோ பத்திரம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில், "போதும்டி, தலை சுத்துது" என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

இன்று இளைக்க வேண்டியது பில் வி.எம். அண்ணன் எல்லாம் அடித்துவிட்டு, விரலை எண்டருக்கு மேல் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்லண்ணா."

விரல் இறங்கவில்லை. "சும்மா ஒண்ணுமில்லையா, நிஜமாவே ஒண்ணுமில்லையா?"

திரையை இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தேன். அவர் காத்திருந்தார்.

"நிஜமாவேதான். தட்டுங்க."

தட்டினார்.

இன்று எழுத வேறொன்றும் இல்லை. நிஜமாகவே.