மேஸ்திரிக்கு ஒரு வீடு

ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரிக்கு,

முதலில் கையெழுத்துக்கு மன்னித்துக்கொள். வரிகள் மேலே ஏறி ஏறிப் போகின்றன. காகிதத்தைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன், இப்போது கீழே இறங்குகின்றன. மூட்டை தூக்கிய கைக்குப் பேனா கனமாக இருக்கிறது என்று சொன்னால் நீ சிரிப்பாய். காலையில் உட்கார்ந்தேன், இந்த வரி வருவதற்குள் வெயில் மேசையை விட்டே போய்விட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன். நானே! யார் கையையும் காலையும் பிடிக்கவில்லை.

மாலை வகுப்பு டீச்சர் எல்லோரும் யாருக்காவது கடிதம் எழுதியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பக்கத்து மேசைக்காரர் மின்சார அலுவலகத்துக்குப் புகார் எழுதுகிறார். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நீ நம் பாப்பாவின் பிரசவத்துக்காக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதிலிருந்து வீட்டில் பொழுது போகவில்லை. அதனால் காலையில் நாய்க் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவிக் கொடுக்கிறேன். கோபப்படாதே, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறேன். அங்கே ஒரு பெண் குட்டி இருக்கிறது. ஒரு வயது இன்னும் ஆகவில்லை. செம்மண் நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கும். நான் பெருக்கினால் பின்னாலேயே வரும். பெருக்கிய இடத்தை மோந்து பார்க்கும். பிறகு தலையைச் சாய்த்து, திருப்தியில்லாமல் என் முகத்தைப் பார்க்கும். ஆயுசு பூராவும் மேஸ்திரிகளிடம் வேலை பார்த்தவனுக்கு அந்தப் பார்வை தெரியாதா? மேஸ்திரி என்றே பெயர் வைத்துவிட்டேன்.

காப்பகத்தில் இடமில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வீடு கிடைக்காத நாய்களை ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவார்கள், அடிக்க மாட்டார்கள். ஆனால் நூற்றுக்கணக்கில் நாய்கள். யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. மேஸ்திரிக்குப் பார்ப்பதற்கு ஓர் ஆளும் ஒரு வேலையும் வேண்டும், அவ்வளவுதான்.

நாய் கேட்பவர்கள் வீட்டுக்குக் காப்பகத்து ஆள் ஒருவர் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, வீடு எப்படி என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். மேனேஜர் அம்மா அந்த வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்! நல்ல சட்டையை எங்கே வைத்திருக்கிறாய்?

உனக்கு இளைப்பு என்று எனக்குத் தெரியும். நாய் முடி ஒன்று பறந்தாலே உன் மூச்சு விசில் அடிக்கும். அதனால் அதை நம் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். சத்தியம். நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்கிறேன்.

பேரன் நலமா?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்
(கைநாட்டு இல்லை, பார்த்துக்கொள். கையெழுத்து.)


ஜூன் 8, வியாழக்கிழமை

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளைதான் வாங்கி வந்தார். உறையைப் பார்த்துவிட்டு, "அத்தை, யாரோ சின்னப் பிள்ளை உங்களுக்கு எழுதியிருக்கு" என்றார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பாப்பா கதவைத் தட்டி, "என்னம்மா, வயிறு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

கோழி கிளறினாலும் இதைவிட நேராகக் கிளறும். இருந்தாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பக்கம் பக்கமாக நாய்க்கு. பேரனுக்கு ஒரே வரி, அதுவும் இடமில்லாமல் ஓரத்தில் செங்குத்தாக. அவன் நலம். உங்களைப் போலவே தூங்கும்போது வாயைத் திறந்து வைத்திருக்கிறான்.

நீங்கள் கேட்காமலே சத்தியம் செய்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. பீடியை விட்டுவிட்டேன் என்று நீங்களாக வந்து சொன்ன அன்றைக்குத்தான் உங்கள் சட்டைப் பையில் தீப்பெட்டி கிடந்தது. நாய் வாசலில் ஏறினால் நான் அங்கே படியேற மாட்டேன். சொல்லிவிட்டேன்.

இதையெல்லாம் போனிலேயே பேசலாமே என்று எழுத நினைத்தேன். வேண்டாம். போனில் நீங்கள் "ம்... ம்... சரி" என்பதோடு சரி. கடிதத்தில்தான் வாய் திறக்கிறீர்கள்.

நல்ல சட்டை பீரோவில் என் சேலைக்கு அடியில்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரிக்கு,

போன வாரம் எழுதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. வீடு வீடாக ஏறி இறங்கினேன். பேரன் நலமா? (பார், இந்த முறை மேலேயே கேட்டுவிட்டேன்.)

நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். குட்டி ஒரு வீட்டுக்குப் போனால் என்ன செய்யும்? கொட்டும், தள்ளும், கடிக்கும். அது செய்த பிறகு அந்த வீட்டுக்காரர்கள் குணம் தெரிந்து என்ன பயன்? அதனால் அது செய்ய வேண்டியதை நானே முதலில் செய்து பார்த்துவிடுகிறேன். போய் உட்காருகிறேன். டீ கொடுக்கிறார்கள். தெரியாமல் கை பட்ட மாதிரி தட்டிவிடுகிறேன். பிறகு முகத்தைப் பார்க்கிறேன்.

முதல் வீடு உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் மாஸ்டர். டீயைக் கொட்டினேன். "தாத்தா, கையில பலமே இல்லையே" என்று சொல்லி, என்னைச் சுவரைப் பிடித்து உட்கார்ந்து எழுந்திருக்க வைத்துவிட்டார். இன்னும் தொடை வலிக்கிறது. "நாய் நல்லாக் குரைக்குமா?" என்று கேட்டார். "யோசிச்சுக் குரைக்கும்" என்றேன். "யோசிக்கிற நாய் எனக்கு வேணாம்" என்றார். சரி, விட்டது.

இரண்டாவது வீடு ஒரு தையல்காரம்மா. ஒற்றை அறை, அதில் பாதி மிஷின், மீதி துணி. தனியாகத்தான் இருக்கிறார். மேஸ்திரியைக் காப்பகத்தில் பார்த்துப் பிடித்துப்போய் இவராகவே கேட்டிருக்கிறார். நான் டம்ளரைத் தட்டிவிட்டேன். பள்ளிக்கூடச் சட்டைக்கு வெட்டி வைத்த வெள்ளைத் துணியில் போய் விழுந்துவிட்டது. அம்மாடி! "கண்ண எங்க வச்சிருக்கீங்க? வயசானவராச்சேன்னு உள்ள விட்டா, என் பொழப்புல டீய ஊத்துறீங்களே!" தெருவே எட்டிப் பார்த்தது. ஒரு துணியை என் மேல் எறிந்து, "தொடைங்க" என்றார். துடைத்தேன். "இதுவா தொடைக்கிற லட்சணம்?" என்று பிடுங்கி, அவரே மறுபடி துடைத்தார். வெள்ளைத் துணியை ஊறப்போட்டார். பிறகு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு இன்னொரு டீ கொடுத்தார், அரை டம்ளர் மட்டும். "உங்களுக்கு முழுசா ஊத்தினா ஆகாது" என்றார். எனக்கு அவமானமாகிவிட்டது. வேண்டாம் என்று மேனேஜர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வீடுதான் வீடு. கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவரும் அவருடைய அக்காவும். சுற்றிலும் தோட்டம். மெத்தை நாற்காலியிலேயே கொட்டினேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்! "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்றார்கள். சந்தேகத்துக்குத் தண்ணீரையும் கொட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். அன்றைக்கே மேஸ்திரியை ஒப்படைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

நேற்று திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

மெத்தை நாற்காலியைக் கிழித்ததாம். "பரவால்ல" என்றார்களாம். செருப்பைத் தின்றதாம். "பரவால்ல." அக்காவின் மூக்குக் கண்ணாடியைத் தோட்டத்தில் புதைத்ததாம். அதற்கும் "பரவால்ல" என்று சொல்லிவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து அந்த அம்மா ஒரு மூச்சு அழுதிருக்கிறார்கள். கொண்டுவந்து விட்டபோது நாயிடமே மன்னிப்புக் கேட்டார் அந்தத் தம்பி. மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. வாலை ஆட்டுவதா வேண்டாமா என்று நின்றது.

மாதம் முடியப்போகிறது. வேறு யாரும் கேட்கவில்லை. பண்ணைக்குப் போகும் வண்டி வெள்ளிக்கிழமை முப்பதாம் தேதி வருகிறது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஜூன் 22, வியாழக்கிழமை

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "அப்பா போற வீட்லல்லாம் டீயக் கொட்டுறாரா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். நம் வீட்டில் பரீட்சை எதுவும் வைக்காமலே கொட்டுவாரே என்றேன்.

வீட்டைப் பார்க்கத் தெரியவில்லை உங்களுக்கு. அந்தக் கோர்ட்டுக்காரரும் அக்காவும் தங்கமானவர்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் கொட்டியதைக் கொட்டியது என்று யாருமே சொல்லாவிட்டால் அந்தக் குட்டி எதைக் கொண்டு தெரிந்துகொள்ளும்? மனதுக்குள்ளேயே சேர்த்து வைத்தார்கள், நிரம்பியதும் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

தையல்காரம்மா கத்தினார்கள், சரி. கத்திவிட்டு என்ன செய்தார்கள்? துடைத்தார்கள். இன்னொரு டீ போட்டார்கள். அதையும் நீங்கள் கொட்டாத அளவுக்குப் பார்த்து ஊற்றினார்கள். அரை டம்ளர் ஊற்றியது அவமானமா? அட கடவுளே! உங்களைப் போன்ற ஆளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடிவு செய்தவர்தான் அப்படி ஊற்றுவார். நானும்தான் கல்யாணமான நாளிலிருந்து கத்துகிறேன். ஒருநாளாவது உங்களை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேனா?

போய் அந்த அம்மாவிடம் கேளுங்கள். நல்ல சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அவர்களும் மாட்டேன் என்றால், பண்ணைக்கு அனுப்ப வேண்டாம். நம் வீட்டுப் பின்பக்கத்தில் கட்டுங்கள். இங்கே டாக்டரிடம் கேட்டேன், மாத்திரை போட்டுக்கொண்டு தள்ளியே இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நான் முன் அறையில் இருந்துகொள்கிறேன். என் கம்பளியை மட்டும் அதன் பக்கம் போடாதீர்கள்.

இதைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரிக்கு,

பேரன் நலமா? நீ நலமா? மூச்சு எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை எழுத்தெழுத்தாகத் தடவித் தடவிப் படித்தேன். சரியாகத்தான் படிக்கிறேனா என்று சந்தேகம். டீச்சரிடம் காட்டிக் கேட்கலாம் என்றால் வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். மருந்துக்கடை முக்கில் நின்றேன். வலது பக்கம் போனால் தையல்காரம்மா வீடு, இடது பக்கம் போனால் நம் வீடு. உண்மையைச் சொல்கிறேன், கால் இடது பக்கம்தான் இழுத்தது. நீதான் சம்மதம் கொடுத்துவிட்டாயே! ஆனால் போன மழைக்காலத்தில் நீ கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்தது ஞாபகம் வந்தது. உன் சம்மதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அது எனக்குப் போதும். வலது பக்கம் திரும்பிவிட்டேன்.

தையல்காரம்மா கதவைத் திறந்தார். "யாரு, கொட்டுற தாத்தாவா? என்னைய வேணாம்னு சொல்லிட்டீங்களாமே. மேனேஜரம்மா சொன்னாங்க."

"தப்புதாம்மா. நீங்க கத்தினீங்களா, நான் பயந்துட்டேன்."

"வெள்ளத் துணியில டீய ஊத்தினா பாட்டா பாடுவாங்க?"

"இல்லம்மா. வேணும்னேதான் கொட்டினேன். குணம் பாக்கறதுக்காக."

சொல்லியிருக்கக் கூடாது. மறுபடி தெரு எட்டிப் பார்த்தது. திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டேன். மூச்சு வாங்குவதற்காக அவர் நிறுத்தியபோது, "கத்துற வீடுதான் நல்ல வீடுன்னு என் வீட்டுக்காரி கடிதம் போட்டிருக்கா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்கள அனுப்பிச்சிருக்கலாம்ல வீடு பாக்க" என்றார்.

அதற்குள் மேஸ்திரி உள்ளே போய் சட்டைக் கைக்கு வெட்டி வைத்த துணியைக் கவ்விக்கொண்டது. "ஏய்! கீழ போடு!" என்று ஓர் அதட்டல். போட்டுவிட்டதே! அதன் வாழ்க்கையிலேயே அதனிடம் யாரோ முதல் தடவையாகத் தெளிவாகப் பேசிய மாதிரி அந்த அம்மாவையே பார்த்தது. பிறகு மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஓடுகிற தையலைத் தலையைச் சாய்த்துக் கவனித்தது. அவர் கொஞ்ச தூரம் தைத்தார். நிறுத்தினார். "என்ன பாக்கற? நேராத்தான போகுது?" என்றார். அது பார்வையை எடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தையலைப் பிரித்தார். "கோணலாத்தான் இருக்கு" என்றார், என்னிடம் இல்லை, அதனிடம்.

நான் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினேன். முக்கு வரை நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அது பார்க்கவே இல்லை. அதற்கு அங்கே அவ்வளவு வேலை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் இந்த மாதிரி ஒரு சந்தோஷமும் எனக்கு வந்ததில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அதற்கு என்ன சொல் என்று டீச்சர் இன்னும் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமை பண்ணை வண்டி வந்து போனது. அதில் மேஸ்திரி இல்லை. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கலாம் என்று தையல்காரம்மா அனுமதி கொடுத்திருக்கிறார். டீயை வீட்டிலேயே குடித்துவிட்டு வர வேண்டுமாம்.

சனிக்கிழமை நீ வருகிறாய் என்று பாப்பா போனில் சொன்னாள். "ம்... சரி" என்றேன். வேறென்ன சொல்வது, பக்கத்தில் ஆள் இருந்தது. வா. கம்பளி எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்துவிட்டேன்.

நீ வந்துவிட்டாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் உனக்குக் கடிதம் எழுதத்தான் போகிறேன். நீ முன் அறையில் இரு. நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். படித்துவிட்டு அங்கிருந்தே கத்து.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்