வாசலில் நின்ற இரத்தக்காட்டேரி

நவம்பர், ஞாயிறு. பலெர்மோ.

இன்று என் இத்தாலிய எசமானி சிக்னோராவின் வீட்டில் வேலை இல்லை. ஒரேத்தோ பகுதியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன் சுதனின் வீட்டுக்கு நடிக்கப் போனேன். அவன் இரத்தக்காட்டேரிப் படம் எடுக்கிறான். ஊரில் நடந்ததை நேராகச் சொன்னால் அங்கே இருக்கும் சொந்தங்களைத் தேடி ஆள் வரும். அதனால் காட்டேரிக்கு இராணுவச் சீருடை போட்டுச் சொல்கிறான். வீட்டுக்காரர் அழைக்காமல் காட்டேரி வாசலைத் தாண்டாதாம்.

நான் கதவைத் திறந்து, பேசாமல் மறித்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். சீருடையில் நின்றவன் பக்கத்து வீட்டு ரவி, தெரிந்த முகம். இருந்தும் என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சுதன் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, இதை நான் வெட்டமாட்டன். இதுதான் படம்."

"வேண்டாம் தம்பி. அம்மா பாத்திடுவா."

பல வருடங்களுக்கு முன் ஊரில் அண்ணாவைக் கூட்டிப்போகச் சீருடையில் வந்தவர்களையும் அம்மா இப்படித்தான் உள்ளே அழைத்தார். அவர்கள் தேத்தண்ணீர் குடித்தார்கள். கொஞ்சம் விசாரித்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

சுதனிடம் இதைச் சொல்லவில்லை. நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இருந்து ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே இருட்டிவிட்டது.

"அம்மா, கதவு பூட்டியாச்சோ?"

"இல்லைப் பிள்ளை. உன்ர அண்ணா வந்தால் வெளியில நிண்டு தட்டிக்கொண்டிருக்கக்கூடாது."