வயர் செருகாத கீபோர்டு

மார்ச் 4, செவ்வாய்

என் வீட்டுக்காரர் போய் இன்றோடு ஏழு வாரம். இது அவருடைய டைரி. ஜனவரி மூன்றாம் தேதியோடு அவர் எழுத்து நின்றுவிட்டது. மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறதே என்று நான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்த கை, கோணல்மாணலாகத்தான் வரும்.

அவர் ஆரம்பித்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பெரிய கண்ணாடி போட்டவள். கம்பெனியின் ஆரம்ப நாட்களுக்கென்று ஓர் அறை ஒதுக்குகிறார்களாம். பழைய கீபோர்டு இருந்தால் கொடுக்கச் சொன்னாள். "சார் எப்பவும் ஒரு கதை சொல்வாராமே, எட்டு பேர் கதை. திறப்பு அன்னிக்கு நீங்க வந்து சொல்லணும்மா."

சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 5

அலமாரி மேலிருந்து கீபோர்டை இறக்கித் துடைத்தேன். இடைவெளிகளில் இன்னும் அவர் சிகரெட் சாம்பல்.

மார்ச் 7, வெள்ளி

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. அவ்வளவுதான் அப்போது கம்பெனி. ஆளும் இரண்டே பேர், இவரும் இவர் கூட்டாளி நெட்டை அண்ணனும். ஒரு கம்ப்யூட்டர் போன் கம்பி வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு ஒரு பெட்டி செய்தார்கள். பேச ஆரம்பித்தால் பூனைச் சண்டை மாதிரி கீச்சென்று கத்தும்.

பேங்கில் வீட்டை அடமானம் கேட்டார்கள். எங்களுக்கு ஏது வீடு? அப்போதுதான் முதலீட்டுக்காரர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். வட்டி கேட்க மாட்டாராம், கம்பெனியில் பங்குதான் கேட்பாராம். முழுகினால் அவர் பணமும் சேர்ந்து முழுகும். "இப்படியும் ஒரு மடையன் இருப்பானா?" என்று கேட்டேன். "மடையன் இல்லடி, பத்துல ஒண்ணு பொழச்சா போதும்னு கணக்குப் போடறவன்" என்றார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

போனில் அந்த முதலீட்டுக்காரரிடம் நெட்டை அண்ணன் அளந்துவிட்டார். எங்களிடம் எட்டு பேர் வேலை செய்கிறார்களாம்! அவரோ, நாளைக்கே வந்து பார்க்கிறேன் என்றுவிட்டார்.

ஆறு பேருக்கு எங்கே போவது? பஸ் ஓட்டும் என் தம்பி, என் நாத்தனார், அவள் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுத் தையல்காரர், கீழே முடி வெட்டுபவர், நான். முடி வெட்டுபவர் கையில் கம்பி பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு. கத்தரிக்கோல் மாதிரியே பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இந்தக் கீபோர்டு. வயர் எதிலும் செருகவில்லை, மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "ஏதாவது அடிச்சுகிட்டே இரு. யார் கேட்டாலும் வாயத் திறக்காத" என்றார் இவர்.

முதலீட்டுக்காரர் வந்தார், பார்த்தார், பெட்டி கத்தியது, போனார். பதினோராம் நாள் பணம் போட்டார். மீதி ஊருக்கே தெரியும்.

முப்பத்தைந்து வருஷம் இவர் அந்தக் கதையைச் சொன்னார். கடைசியில் "ஒருத்தர்கூட உளறல!" என்று நிறுத்துவார். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லையா?" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

மார்ச் 8, சனி

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் மூச்சு வரும்.

நான் உளறினேன்.

அன்றைக்கு முதலீட்டுக்காரர் கை கழுவப் பின்பக்கக் குழாய்க்கு வந்தார். துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். "இங்க எத்தன வருஷமா வேல பாக்கறீங்கம்மா?"

"காலையிலேர்ந்துங்க."

"மத்தவங்க?"

"அவங்களும் காலையிலேர்ந்துதாங்க."

அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். நானே தொடர்ந்தேன். "ஆனா பெட்டி நிஜங்க. அதுல பொய் இல்ல. அஞ்சு மாசமா ரெண்டு பேரும் சரியா வீட்டுக்கே வரல."

"நான் கேட்டதா யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று துண்டை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சொல்லவில்லை. தானே சாமர்த்தியமாக ஏமாற்றி வாங்கிய பணம் என்று இவருக்கு எத்தனை பெருமை! அதை உடைக்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது மேடையேறிப் பொய்யைச் சொல்வதா, செத்துப்போன மனுஷனின் கதையைக் கெடுப்பதா?

மார்ச் 12

நெட்டை அண்ணன் போன் செய்தார். இடுப்பு வலியாம், வர முடியாதாம். "அவன் சொல்ற மாதிரியே சொல்லும்மா. ஒரு வார்த்த மாறக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே அழுதார். நானும்.

மார்ச் 17, திங்கள்

கண்ணாடிக்காரி கீபோர்டை வாங்கிப்போக வந்தாள். கூடவே ஒரு பழைய தாள் கொண்டுவந்தாள். முதலீட்டுக்காரர் தன் பங்கை விற்றுவிட்டுப் போனபோது அவருடைய கோப்பெல்லாம் கம்பெனிக்கு வந்துவிட்டதாம். அன்றைக்கு எங்களைப் பார்த்துவிட்டுப் போய் அவர் எழுதி வைத்தது அது. நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"எட்டு பேர் என்றார்கள். இரண்டு பேர்தான். மற்றவர்கள் சொந்தக்காரர்கள். ஒரு கீபோர்டுக்கு வயர் செருகவில்லை. பெட்டி வேலை செய்கிறது. நான் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது கீபோர்டு முன்னால் இருந்த அம்மா ஒருவர்தான்."

தாளைக் கையில் வாங்கினேன்.

"ஓரத்துல பென்சில்ல என்னமோ இருக்கும்மா. யார் எழுத்துன்னு தெரியல" என்றாள்.

எனக்குத் தெரியாதா? இந்த டைரியின் முதல் மூன்று பக்கத்தில் இருப்பது அதே எழுத்து. கீழே தேதியும் போட்டிருந்தார். இருபத்தொரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"பார்த்தேன். அவளிடம் காட்ட வேண்டாம்."

மார்ச் 18

படுபாவி மனுஷா. இருபத்தொரு வருஷம் தெரிஞ்சுகிட்டேதான் என்னப் பாத்து "இல்லையா"ன்னு கேட்டியா?

மார்ச் 21, வெள்ளி

கீபோர்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வயரை அழகாகச் சுற்றி முன்னால் வைத்திருந்தார்கள். அப்படி இல்லை, தொங்க வேண்டும் என்றேன். சரிசெய்தார்கள்.

அவர் சொல்கிற மாதிரியே சொன்னேன். கதையில் முடி வெட்டுபவர் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். "ஒருத்தர்கூட உளறல!" என்று நிறுத்தினேன். கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் என் பையைத்தான் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் திரும்பி, "இல்லையா?" என்று கேட்டேன்.

கண்ணாடிக்காரி மட்டும் சிரித்தாள்.

பிறகு குழாயடியில் நடந்த மீதியையும் சொன்னேன்.